பெறுபேறா, மேற்பார்வையா, கொப்பியா: ஆசிரியரை எதை வைத்து மதிப்பிடுவது?

சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரத்தில் கொழும்பில் பெற்றோர் இருவர் சந்தித்தால், "அந்த சேரிட்ட படிச்ச பிள்ளைகளுக்கு எத்தனை ஏ?" என்ற கேள்விதான் முதலில் வரும். ஆனால் அந்த ஏ யாருடைய உழைப்பு? பின்னேரம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரியூசனுக்கு ஓடும் பிள்ளைகளைப் பாருங்கள். பாடசாலை ரீச்சர், ரியூசன் சேர், பக்கத்தில் இருந்து படிப்பிக்கும் அம்மா, மூவரும் அதில் கலந்திருக்கிறார்கள். அதிலும் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியைத் தாண்டி வந்த பிள்ளைகளின் வகுப்பையும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகளின் வகுப்பையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம்.

சரி, பிள்ளையின் முன்னேற்றத்தைப் பார்க்கலாமா? 35 புள்ளியில் இருந்தவர் 52க்கு வந்தால் ஆசிரியரின் கை அதில் தெரியும். இது பெறுபேற்றை விட நியாயமானது. ஆனாலும் சம்பளத்தையும் பதவி உயர்வையும் இதில் கட்டக்கூடாது. அமெரிக்காவில் இந்தக் கணக்கைப் பெரிய அளவில் போட்டார்கள். நியூயோர்க்கில் 2012இல் ஆசிரியர்களின் தரவரிசை பெயரோடு வெளிவந்தது. மாணவரிடையே உள்ள புள்ளி வேறுபாட்டில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 சதவீதம் வரைதான் எனப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் சொன்னது. மானம் போனவர்களுக்கு அது பிந்தி வந்த சேதி.

வகுப்பறை மேற்பார்வை? வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவது முதல் நாளே தெரிந்துவிடும். பாடக்குறிப்பு இரவோடு இரவாக நிரம்பும், சுவரில் புதுப் படம் ஏறும். அதே பாடம் தெரிந்தவர், சொல்லாமல், தவணைக்கு இரண்டு முறையாவது வந்து பின்வாங்கில் இருந்தால்தான் பயன். மாணவரிடம் கேட்பதும் நல்லது, ஆனால் "மிஸ்ஸைப் பிடிக்குமா" என்று கேட்காமல் "விளங்காவிட்டால் திருப்பிச் சொல்லித் தருவாரா" என்று கேட்க வேண்டும்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய சாட்சி கொப்பி. அரையோடு மூன்றிலொன்றைக் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதிய இரு பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்த்தேன். ஒன்றில் சிவப்புப் பேனையால் ஒரு பிழைக் குறி, அவ்வளவுதான். மற்றதில் ரீச்சர் ஒரு ரொட்டியை வரைந்து, "அரை ரொட்டியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், பிறகு எப்படி அரையை விடக் குறைந்தது?" என்று எழுதியிருந்தார். கீழே பென்சிலில் அழித்து அழித்து, ஆறில் ஐந்து.