பெல்லட் மொத்தமாக வாங்க: ஆன்லைனா, ஊர்க் கடையா?

விலையை மட்டும் பார்த்தால் ஆன்லைன்தான், அதில் சந்தேகமே வேண்டாம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் (காற்றுத் துப்பாக்கி) போடும் பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, 500 உள்ள டப்பா ஒன்றுக்கு, எங்கள் ஊர்க் கடைக்காரர் சொன்னதைவிட நூறு, நூற்றைம்பது ரூபாய் குறைவாகவே இணையத்தில் கிடைக்கிறது. இருபது டப்பா வாங்குகிற இடத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் மிச்சம். இருந்தும் மகளுடைய போட்டிப் பெல்லட்டை இந்த சீசனுக்குக் கடையில்தான் வாங்கினேன், அடுத்த சீசனுக்கும் அங்கேதான். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் மற்ற பெற்றோர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். காரணம் இதுதான்.

அதற்கு முன், நான் பேசுவது ஏர் ரைஃபிளுக்கான ஈய பெல்லட்டைப் பற்றி மட்டும். குழல் துளை .177 அங்குலத்துக்கும், சுடும் ஆற்றல் 20 ஜூலுக்கும் உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை, அதனால்தான் இந்த ஒப்பீட்டுக்கே இடமிருக்கிறது. .22 தோட்டா வேறு கதை. உரிமம், அதில் குறித்த அளவு, கணக்கு என்று போகும் விஷயம் அது, ஆன்லைனில் கார்ட்டில் போட்டு வாங்குகிற சமாச்சாரமே இல்லை.

இப்போதுதான் சேர்ந்த பிள்ளைக்கு மொத்தமாக வாங்கவே வேண்டாம். ஒரு டப்பா எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்குங்கள். தினம் 80, 100 என்று சுடும் பிள்ளைக்கு 500 டப்பா ஒரு வாரம்கூடத் தாங்காது, அங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டிவரும். ஆன்லைனில் தேர்வும் அதிகம்: ஹெச் அண்ட் என், ஆர்டபிள்யூஎஸ், ஜேஎஸ்பி, சீனாவின் கியாங் யுவான் என்று எல்லா பிராண்டும் ஒரே பக்கத்தில் வரும். டெலிவரிக் கட்டணத்தை மட்டும் கவனியுங்கள். ஒரு பெல்லட் 0.53 கிராம் என்றால் 500க்கு 265 கிராம், இருபது டப்பாவுக்கு ஈயம் மட்டுமே ஐந்து கிலோவைத் தாண்டும். எடைக்குக் காசு வாங்கும் தளமாக இருந்தால் மிச்சத்தில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். கடைக்காரரிடம் மொத்தமாக எடுக்கிறேன் என்று சொன்னால் அவரும் கொஞ்சம் இறங்கி வருவார். கடைசியில் வித்தியாசம் டப்பாவுக்கு ஐம்பது, அறுபது என்று சுருங்கிவிடுகிறது.

சரி, அந்த ஐம்பதையும் ஏன் விடவேண்டும்? லாட் நம்பருக்காக. லாட் என்றால் ஒரே தடவையில் தயாரான தொகுதி.

டப்பாவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். பிராண்டு, எடை, 4.49 அல்லது 4.50 என்று மில்லிமீட்டரில் ஹெட் சைஸ் (பெல்லட் தலையின் விட்டம்), இவற்றோடு தயாரிப்பு லாட்டைக் குறிக்கும் ஓர் எண்ணும் இருக்கும். ஒரே பிராண்டு, ஒரே எடை, ஒரே ஹெட் சைஸ், ஆனால் லாட் வேறு என்றால் உங்கள் ரைஃபிளின் பேரலுக்கு (குழலுக்கு) அது வேறு பெல்லட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அச்சு தேய்ந்திருக்கும், மாற்றியிருப்பார்கள், ஸ்கர்ட்டின் (பெல்லட்டின் பின்பக்கம் விரிந்திருக்கும் பாகம்) விளிம்பு நூலளவு மாறியிருக்கும். பக்கத்து லேனில் இருக்கிற பையனின் ரைஃபிளுக்குப் பிரமாதமாகப் போகும் லாட் உங்கள் ரைஃபிளில் சிதறும். யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, சுட்டுத்தான் பார்க்க வேண்டும். ரைஃபிளை அசையாமல் வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்துப் பத்து ஷாட் போட்டால் நல்ல லாட் ஒரே துளையாக, பெல்லட்டைவிடக் கொஞ்சமே பெரிதாக விழும். ஒத்துவராத லாட்டில் அதே துளை நீண்டு, ஓரம் கிழிந்து, சில சமயம் எட்டு மாதிரி இரண்டு வட்டமாகப் பிரிந்து நிற்கும்.

இதெல்லாம் தேவையில்லாத நுணுக்கப் பேச்சு, பிள்ளை ஒழுங்காகச் சுட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் 60 ஷாட், ஒரு ஷாட்டுக்கு 10.9 வரை போகும் தசமப் புள்ளியில் உச்சம் 654. மையத்திலிருந்து கால் மில்லிமீட்டர் தள்ளிப்போனால் 0.1 போய்விடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் தகுதிச் சுற்றில் இந்தியாவின் ரமிதா 631.5 எடுத்து ஐந்தாவதாக வந்து இறுதிக்குப் போனார். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7, பத்தாவது இடம், முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அறுபது ஷாட்டும் சேர்ந்து வித்தியாசம் 0.8. அவர்கள் என்ன பெல்லட் போட்டார்கள் என்பதல்ல விஷயம், இந்த விளையாட்டில் இடைவெளி எவ்வளவு சின்னது என்பதைச் சொல்கிறேன். மாநிலப் போட்டியிலும் கட்-ஆஃப் பக்கத்தில் இதே நெருக்கடிதான், பயிற்சியில் வருஷம் முழுக்க உழைத்துச் சேர்த்த அரைப் புள்ளியை ஒத்துவராத லாட் ஒன்று சத்தமில்லாமல் தின்றுவிடும், பிள்ளை தன் ட்ரிகரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்கும்.

இங்கேதான் கடை ஜெயிக்கிறது. எங்கள் கடைக்காரர் அலமாரியிலிருந்து டப்பாக்களை இறக்கி, டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து லாட் வாரியாக மேஜையில் பிரித்து அடுக்கினார். மூன்று லாட் இருந்தது. மூன்றிலும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு, மீதியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள் என்று முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம். கோச் சோதித்துப் பார்த்ததில் ஒன்று தெளிவாக மேலே நின்றது, அந்த லாட்டில் இருந்த அத்தனையையும் எடுத்துக்கொண்டோம். மற்ற இரண்டு டப்பாவும் வீண் இல்லை, பயிற்சிக்கு ஓடிவிட்டன.

இதையே ஆன்லைனில் முயன்றால், பக்கத்தில் இருக்கிற படம் எந்தக் காலத்தில் எடுத்ததோ தெரியாது. லாட் என்ன என்று கேட்டு எழுதினால் 'ஒரிஜினல் பொருள்தான் சார்' என்று பதில் வரும். முன்பு ஒரு தளத்தில் வாங்கிய பார்சலில் பத்து டப்பாவுக்கு நான்கு லாட் இருந்தது, கேட்டது 4.50, வந்ததில் இரண்டு 4.49. திறந்த டப்பாவைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம், திறக்காமல் எப்படிச் சோதிப்பது? கூரியரில் உருண்டு வருவது இன்னொரு தொல்லை. ஈயம் மெத்தென்ற உலோகம், குழி குழியான தட்டில் அடுக்கி வரும் உயர்ரகப் பெல்லட்டுக்கு ஒன்றும் ஆகாது, டப்பாவில் உதிரியாக வருவதில் கீழடுக்கில் சிலவற்றின் ஸ்கர்ட் நசுங்கியிருக்கும்.

கடை என்றால் எல்லாம் சுத்தம் என்றும் இல்லை. வெளியே போகாமல் கிடந்த பழைய சரக்கை நம் தலையில் கட்டுவார்கள், அதிலும் கடற்கரை ஊர்களில் ஈயத்தின்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். மூடியைத் திறந்து பார்க்க விடாத கடையில் மொத்தமாக எடுக்காதீர்கள்.

பயிற்சிப் பெல்லட்டுக்கு நான் இன்னமும் ஆன்லைன்தான். நின்று சுடும் பயிற்சியில் பெல்லட்டின் சிதறலைவிடப் பிள்ளையின் ஆட்டம் பெரியது, அங்கே மலிவே நல்லது. ஏர் பிஸ்டலுக்கும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். அதன் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், தகுதிச் சுற்றில் தசமமும் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் பிஸ்டல் இல்லை, சுடுகிறவர்களைக் கேட்டுக்கொள்வது உத்தமம். ரைஃபிள்காரர்கள் மட்டும், மாவட்டப் போட்டி அறிவிப்பு வருவதற்கு முன்பே கடைக்குப் போய் லாட்டைப் பிடித்துவிடுங்கள். அறிவிப்பு வந்துவிட்டால் நல்ல லாட்டெல்லாம் யாராவது அகாடமிக்காரர் மொத்தமாகத் தூக்கியிருப்பார்.