வயலின் அச்சுக்கு எந்தப் பூச்சு? மூன்று பூச்சும் ஒரு மெழுகுதிரியும்

வயலினின் பக்கப் பட்டிகளை வளைத்துக் கட்டும் உள் அச்சுக்குப் பூச ஏதாவது வேண்டுமென்று கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு ஹார்ட்வெயார் கடையில் கேட்டால், முதலில் கையில் தருவது மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் என்னும் அடிப்பூச்சு. கொஞ்சம் பேசினால் பொலியூரிதேன் வார்னிஷும் வரும். ஷெலாக் என்னும் அரக்குச் செதிலைக் கடையில் காணாவிட்டால், பழைய முறையில் பொலிஷ் பூசும் தளபாடக்காரரிடம் விசாரிப்பது நல்லது. மூன்றில் முதலிடம் அரக்குக்குத்தான். சீலரால் சமாளிக்கலாம். பொலியூரிதேன் இந்த வேலைக்குத் தேவையில்லை.

அச்சிலுள்ள பூச்சு பளபளக்க வேண்டிய அவசியமில்லை. அதற்கு இரண்டு வேலை உண்டு. அச்சின் மூலைகளிலும் இரு முனைகளிலும் பொருத்தும் சிறு மரக்கட்டைகளில் பட்டியை ஒட்டும்போது வழியும் வச்சிரப்பசை (விலங்குத் தோலில் காய்ச்சும் பசை) அச்சின் விளிம்பைப் பிடிக்கக்கூடாது. ஆனால் ஆறு கட்டைகளும் பட்டி கட்டி முடியும்வரை அச்சை விட்டு விழவும் கூடாது. பட்டியின் தடிப்பு ஒரு மில்லிமீற்றர்தான். அது அச்சோடு ஒட்டிக்கொண்டால், கழற்றும்போது பட்டியின் மேப்பிள் மரம் அதன் அலைரேகை வழியே வெடிக்கும்.

பூச்சுக்கு முன் பலகையைப் பார்க்க வேண்டும். 15 மில்லிமீற்றர் மரீன் பிளைவுட் போதும். 8க்கு 4 அடித் தகடு முழுதாக வாங்கினால் முப்பது அச்சு வெட்டலாம், ஆகவே தளபாடப் பட்டறையில் வெட்டி மிஞ்சிய துண்டைக் கேளுங்கள். சாதாரண பிளைவுட்டின் நடு அடுக்கில் வெற்றிடம் இருக்கும். அது விளிம்பில் வந்து விழுந்தால் கிளாம்ப் இறுக்கும்போது பட்டி அங்கே குழியும். எபொக்சியில் மரத்தூள் குழைத்து அடைத்து, காய்ந்தபின் அரத்தால் சமப்படுத்தலாம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டாம்: பசையின் ஈரம் பட்டதும் விளிம்பு ஊதும்.

வன்னியில் தேக்கும் முதிரையும் கைக்கெட்டும் மரங்கள் என்பதால் முழுப் பலகையில் அச்சு வெட்டலாமே என்று தோன்றும். புகழ்பெற்ற வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரியின் அச்சுகள் வால்நட் பலகையில் செய்யப்பட்டவை, இத்தாலியின் கிரெமோனா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. ஆனால் கார்த்திகை மழைக்கும் ஆடிச் சோளகக் காற்றுக்கும் இடையில் மரத்தின் ஈரப்பதம் நான்கு வீதம் மாறினால், 200 மில்லிமீற்றர் அகலத் தேக்குப் பலகை குறுக்கே ஒன்றரை மில்லிமீற்றர் வரை அசையும். நீளத்தில் அசைவு மிகக் குறைவு. உருவமே மாறிவிடும் என்பதால் இங்கே பிளைவுட்டே மேல்.

விளிம்பு முகத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டத்தை வைத்துச் சுற்றிவரப் பாருங்கள், இடுப்பு வளைவில் கூடுதல் கவனம் வேண்டும். சரிந்த விளிம்பில் கட்டிய பட்டியும் சரியும், மேற்பலகையின் உருவமும் அடிப்பலகையின் உருவமும் ஒன்றாக வராது. பிறகு 120, 180, 240 இலக்கச் சாண்ட் பேப்பர். கடைசியில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, காய்ந்து எழும்பும் நாரை 240ஆல் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். இதை விட்டால் முதற்பூச்சு முள்முள்ளாகக் காயும்.

அரக்குக்கு வருவோம். 100 மில்லிலீற்றர் மெதிலேற்றட் ஸ்பிரிட்டுக்கு 24 கிராம் செதில். இரவு ஊறவிட்டு, காலையில் பழைய பருத்தித் துணியால் வடிகட்டுங்கள். முதற்பூச்சுக்கு மட்டும் இதில் கொஞ்சத்தை எடுத்து அதேயளவு ஸ்பிரிட் கலந்து நீர்க்கச் செய்ய வேண்டும். விளிம்பும் கிளாம்ப் துளைகளின் உட்சுவரும் அதை உறிஞ்சிக் குடிக்கும். அடுத்த இரண்டு பூச்சும் நீர்க்காத கரைசல். இடையில் ஒரு மணிநேரம் விட்டு 320ஆல் தடவினால் போதும். ஓர் அச்சுக்கு 100 மில்லிலீற்றர் தாராளம். விளிம்பில் ஒரு துளி வழிந்து உறைந்தாலும் பட்டியில் அது மேடாகத் தெரியும், உடனே விரலால் இழுத்துவிடுங்கள். சோளகக் காற்றில் ஸ்பிரிட் கண்முன்னே பறந்து தூரிகைத் தடம் நின்றுவிடும், அதனால் காற்று எழுமுன் காலையிலேயே பூசுங்கள். மழைக்காலத்தில் பூச்சு வெண்மையாகப் புகைபிடித்தால் அது காற்றின் ஈரம். அச்சுக்கு அதனால் கெடுதி இல்லை.

கட்டை அமரும் வெட்டிலும் அரக்கைப் பூசலாம். அதன் மேல் வச்சிரம் பலமாகப் பிடிக்காது, கழற்றும்போது சிறு சுத்தியலால் ஒரு தட்டு போதும். அரக்கு மற்ற இரண்டையும் வெல்வது இந்த நடுத்தரப் பிடியால்தான்.

சாண்டிங் சீலர் வேகமாகக் காய்ந்து மாவாகத் தேயும். அந்தத் தேய்ப்புச் சுகத்துக்காகச் சேர்க்கும் ஸ்டியரேற்றுதான் பசையைத் தள்ளுகிறது. பட்டியை வளைத்துக் கட்டும்போதே கட்டை கழன்று கையில் வரும். சீலர்தான் கிடைத்ததென்றால், ஒவ்வொரு வெட்டிலும் ஐந்து ரூபாய்க் குற்றியளவு இடத்தை உளியால் மரம் தெரியச் சுரண்டி, அங்கே மட்டும் பசை வையுங்கள். சீலரில் கலந்திருக்கும் தின்னரின் ஆவி நெருப்புப் பிடிக்கும், அடுப்படி பக்கம் போகாதீர்கள். பொலியூரிதேனோ மெதுவாகக் காய்ந்து, வன்னியின் செம்மண் தூசியையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். விளிம்பில் ஓரிடம் அடிபட்டால் அரக்கைப் போல மேலே தடவிச் சேர்க்கவும் முடியாது.

எதைப் பூசினாலும் மெழுகு இல்லாமல் விடாதீர்கள். ஆனால் முறை மாறக்கூடாது: பூச்சு, பிறகு கட்டையை ஒட்டுதல், அதற்குப் பிறகே மெழுகு. வெட்டுக்குள் மெழுகு போனால் கட்டை நிற்காது. வெள்ளை மெழுகுதிரியை விளிம்பில் உரசிக்கொண்டு போய், கட்டைக்கு மூன்று மில்லிமீற்றர் முன்பே நிறுத்துங்கள். கட்டையின் முகத்தில் மெழுகு பட்டால் பட்டி அங்கே ஒட்டாமல் பிறகு வாய் பிளக்கும். காட்டுத் தேன்மெழுகு நம்மூரில் தாராளமாகக் கிடைத்தாலும் வெயிலில் பிசுபிசுக்கும். தேன் போகக் கொதிநீரில் உருக்கி எடுக்காததென்றால் மறுநாள் அச்சைச் சுற்றி எறும்பு வரிசை கட்டும்.

கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் நம்பத்தகாது. பழையதென்றால் கண்ணாடியில் ஒரு துளி விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் கொட்டிவிடலாம். கண்ணாடிப் போத்தலில் பிளாஸ்டிக் மூடியோடு வையுங்கள், இரும்புத் தகரத்தில் வைத்தால் கறுக்கும்.