இரண்டு ஆறுமுகம், ஒரு கொள்ளுத்தாத்தா: புதுச்சேரியில் ஒரு வம்சாவளிச் சேவை

முதலில் இது யாருக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு நேஷனாலிட்டிக்காகத் தாத்தாவின் காகிதம் தேடுகிறவர்கள் இங்கே போக வேண்டாம். "நேஷனாலிட்டி ஃபைல் எடுப்பதில்லை" என்று இந்தச் சேவையை நடத்தும் ஐயா கதவிலேயே ஒட்டியிருக்கிறார். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு கொடுத்த ஆறு மாதக் கெடுவில் யார் பிரெஞ்சுக்காரராகவே இருக்க எழுதிக்கொடுத்தார்கள், யார் விட்டுவிட்டார்கள் என்பதெல்லாம் வக்கீல் பார்க்க வேண்டிய வேலை என்பது அவர் கட்சி. பழைய ஆளைத் தேடித் தருவது மட்டும்தான் அவர் தொழில்.

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் முன்னறை. பெயர்ப்பலகை இல்லை. ஐயா தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்துப் போகிற எனக்கு அவரைச் சொன்னது பாகூரில் இருக்கும் ஒரு உறவுக்காரர்.

எங்கள் கதை இது. அப்பாவின் தாத்தா ஆறுமுகம், பெண்சாதி குப்பம்மாள். "உங்க கொள்ளுத்தாத்தா கப்பலேறிப் போனவர்" என்று அத்தை சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். பெரியப்பா மகன் போன வருஷம் ஏதோ ஒரு இணையச் சேவைக்குப் பணம் கட்டி, கிளையும் இலையுமாக ஒரு வம்ச மரம் வாங்கினான். அதில் கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியாக 1878-ல் இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த ரெயூனியோன் தீவுக்குப் போய், 1891-ல் அங்கேயே இறந்திருந்தார். தகப்பன் பெயர் வீரன், ஊர் கடலூர். எங்களுக்கும் வீரன்தான், கடலூர்தான். அவன் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டான்.

ஐயா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, வீட்டில் காகிதம் என்ன இருக்கு?" என்று கேட்டார். தாத்தாவின் பென்ஷன் புத்தகமும், பழைய கிரயப் பத்திரம் ஒன்றும் இருந்தன. அதிலிருந்துதான் ஆரம்பித்தார். கடைசித் தலைமுறையிலிருந்து பின்னால் போக வேண்டுமாம். நடுவில் குதித்து ஒரு ஆறுமுகத்தைப் பிடிக்கக் கூடாதாம். கடலூர் பக்கத்தில் ஆறுமுகத்துக்கா பஞ்சம்?

பதிவேடுகளை நாமே பார்க்கலாம், அது வேறு விஷயம். பிரெஞ்சுக் காலனிகளின் பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவுகளுக்கு ஒரு படி பிரான்சுக்கு வந்தாக வேண்டும் என்று 1776-லேயே அரச ஆணை போட்டுவிட்டார்கள். பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்தில் இருக்கும் காலனிக் காப்பகம் அவற்றைப் படமெடுத்து இணையத்தில் காசில்லாமல் திறந்து வைத்திருக்கிறது. அப்புறம் எதற்கு ஐயாவுக்குப் பணம்? ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள், தெரியும். தேதி முழுக்க எழுத்தில், அதுவும் சாய்ந்த கையெழுத்தில். தமிழ்ப் பெயர்கள் குமாஸ்தா காதில் விழுந்தபடி. ஐயா அதை வாரப் பத்திரிகை படிப்பதுபோலப் படிக்கிறார்.

பாகூர்ப் பதிவேட்டில் இரண்டு கிடைத்தன. ஒன்று 1886-ல் ஆறுமுகம், குப்பம்மாள் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது முப்பது, தகப்பன் வீரன். இன்னொன்று 1893-ல் என் தாத்தாவின் பிறப்பு. பென்ஷன் புத்தகத்தில் இருக்கும் அதே தேதி, அதே தாய் பெயர். ஆனால் அங்கே ஆறுமுகத்துக்கு வயது முப்பத்திரண்டு, தகப்பன் வீரப்பன். ஏழு வருஷத்தில் இரண்டு வயதுதான் கூடியிருக்கிறது, தகப்பன் பெயரும் நீண்டிருக்கிறது. இவர்கள் ஒரே ஆளா?

இந்த இடத்துக்காகத்தான் இந்த விமரிசனத்தையே எழுதுகிறேன். அறிக்கையில் ஒவ்வொரு தகவலையும் யார் சொன்னது, எப்போது சொன்னது, சொன்னவருக்கு அது நேரில் தெரியுமா என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறார். வயதுக்கு மதிப்பே கொடுக்கவில்லை. பிறந்த தேதி தெரியாத காலம், குமாஸ்தா முகத்தைப் பார்த்து எழுதியிருப்பான் என்கிறார். தகப்பன் பெயருக்குப் பாதி மதிப்பு. முழு மதிப்பு கொடுத்தது கையெழுத்துக்கு. பிரெஞ்சில் எழுதிய பதிவின் அடியில் சாட்சிகளும் சொல்லவந்தவரும் தமிழில் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தார். புள்ளியே வைக்காத "ஆறுமுகம", இரண்டிலும் "று"வின் வால் கீழ்வரியைத் தொட்டு இடது பக்கம் வளைகிறது. என் பெரியப்பாவும் அப்படித்தான் வளைப்பார் என்று நான் சொன்னேன். "அதெல்லாம் சாட்சி ஆகாது தம்பி" என்று அடக்கிவிட்டார்.

கையெழுத்து மட்டும் போதாது என்பதற்காக இன்னொன்றும் காட்டினார். குப்பம்மாளின் தம்பி இரண்டு பதிவிலும் சாட்சி. 1901-ல் கடலூரில் பதிவான எங்கள் பத்திரத்திலும், "லேட் ஆறுமுகம் பாரியாள் குப்பம்மாள்" விற்கும்போது, அதே மச்சான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இங்கிலீஷ்காரன் பக்கத்துப் பத்திரமும் பிரெஞ்சுப் பக்கத்துப் பதிவும் அந்த ஒரு ஆளால் சேருகின்றன. பாகூர் கொம்யூன் (பிரெஞ்சு உள்ளாட்சிப் பிரிவு) வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஒரு ஊர் பிரெஞ்சு, வரப்பைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் ஆண்ட தென்னார்க்காடு. வீடு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம் என்று எத்தனையோ குடும்பங்கள்.

சரி, ரெயூனியோன் ஆறுமுகம்? 1860-ல் இங்கிலாந்தும் பிரான்சும் ஒப்பந்தம் போட்ட பிறகு நம் பக்கத்து ஆட்களைப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஏற்றினார்கள். ரெயூனியோனுக்கு அது 1882-ல் நின்றது. ஆகவே 1878 கப்பல் நம்பக்கூடியதே. அந்த மனிதரும் நிஜம்தான், அவருக்கு மத்ரிக்யூல் எண், அதாவது கூலிகளுக்குக் கொடுத்த பதிவு எண், இருக்கிறது. ஆனால் 1891-ல் தீவில் இறந்தவர் 1893-ல் பாகூரில் வந்து பிள்ளை பிறந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட முடியாது. பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் ஒத்துப்போவதை வைத்து மரம் வரைந்தவர்கள், ஒத்துப்போகாத ஒரே ஒரு காகிதத்தைத் தேடவே இல்லை.

அத்தையின் கதையையும் ஐயா தூக்கிப் போடவில்லை. 1893-க்கும் 1901-க்கும் இடையில் கொள்ளுத்தாத்தா இறந்திருக்கிறார், பாகூரில் இறப்புப் பதிவு இல்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் இறந்திருக்கலாம். சைகோன் பக்கம் போயிருக்கலாம், புதுச்சேரி ஆட்கள் அங்கே நிறையப் போன காலம் அது. கப்பலேறியது வேறு யாராவதாகவும் இருக்கலாம், வீட்டுக் கதையில் சம்பவம் நிற்கும், ஆள் மாறிவிடும் என்றார். அறிக்கையில் அந்தக் கட்டத்தில் "தீரவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஆறாயிரம் வாங்கிக்கொண்டு தீரவில்லை என்று எழுதுவதா என்று பெரியப்பா மகன் குதித்தான். எனக்கு அந்த ஒரு சொல்லுக்கே பணம் தகும் என்று பட்டது. ஹாலில் படம் இன்னும் தொங்குகிறது, அவன் வீடு, அவன் இஷ்டம்.

குறைகளும் உண்டு. ரொம்ப மெதுவாக நடக்கிறது, நடுவில் போன் எடுக்க மாட்டார். அறிக்கையை யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பியதால் என் மொபைலில் வெறும் கிறுக்கலாக வந்தது. நேரில் போய் அச்சுப் பிரதி வாங்க வேண்டியிருந்தது. நகல்கள் சில மங்கல். பழைய பிரெஞ்சு கவர்னர் டூப்ளே பற்றிப் பேச்செடுத்தால் ஒரு மணி நேரம் போச்சு, நீங்களாக எடுக்காதீர்கள்.

கூலி தேடுவதற்குத்தான், கிடைப்பதற்கு இல்லை. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் முன்பணம் இரண்டாயிரம் திரும்ப வராது. அதை முதல் நாளே சொல்லிவிடுகிறார். ஜிபே கிடையாது, ரொக்கம்தான். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கதவு சாத்தியிருக்கும். போகிறவர்கள் வீட்டுப் பத்திரத்தின் நகலைக் கொண்டுபோங்கள், சாட்சிக் கையெழுத்து இருக்கும் கடைசிப் பக்கத்தை விட்டுவிடாமல்.