ஸ்டீயரர் குழாய் வெட்ட பார்க் டூல் எஸ்ஜி-6: வாங்கலாமா?

மவுண்டன் பைக் ஃபோர்க்கின் ஸ்டீயரரை (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையிலிருந்து ஹேண்டில்பார் வரை மேலே போகும் குழாய்) கோணல் இல்லாமல் வெட்ட, ரம்பத்தை நேராக ஓடவைக்கும் இந்த வழிகாட்டிக் கருவி தாராளமாகப் போதும். கருவியை வைஸில் (மேசைப் பிடிப்பான்) இறுக்கி, குழாயை உள்ளே நுழைத்து, பென்சில் கோடு கருவியின் பிளவின் நடுவில் தெரியும்படி வைத்து அறுக்கலாம். பிளேடு அங்குலத்துக்கு 32 பல் உள்ளதாக இருக்கட்டும். தொய்வான பிளேடு பிளவுக்குள்ளேயே வளைந்து ஓடும், ரம்பச் சட்டத்தில் நன்றாக இழுத்து இறுக்கிக்கொள்ளுங்கள்.

கோடு தப்பானால் கருவி என்ன செய்யும்? ஹெட்செட் (ஸ்டீயரர் சுழலும் பேரிங் தொகுதி), ஸ்பேசர் (இடைவெளி வளையம்), ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) எல்லாவற்றையும் மாட்டி, ஆட்டம் இல்லாதபடி அழுத்திய பிறகே ஸ்டெம்மின் மேல்விளிம்பில் கோடு போடுங்கள். ஹெட்செட் முழுதாக உட்காராமல் அளந்தால் கணக்கு பிசகும். அங்கிருந்து 3 மி.மீ. கீழே வெட்ட வேண்டும். குழாய் ஸ்டெம்முக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்மூடி அதில் முட்டி நிற்கும், பேரிங் இறுகாது. ஸ்டெம்முக்கு மேல் 5 மி.மீ. ஸ்பேசர் ஒன்று வைத்து, அதன் மேல்விளிம்பிலிருந்து அளப்பது நல்லது; ஹேண்டில்பாரைப் பிறகு உயர்த்த இடம் இருக்கும். வெட்டிய குழாயை ஒட்டவா முடியும்?

பழைய ஸ்டார் நட் (மேல்மூடியின் போல்ட் பிடிக்க குழாய்க்குள் இருக்கும் நட்) வெட்டும் இடத்தில் இருந்தால் முதலில் அதைக் கீழே தட்டி இறக்குங்கள். வெட்டியதும் உள்ளும் புறமும் அரத்தால் பிசிறு நீக்கி, அலுமினியத் தூளைத் துடைத்துவிட்டு, ஸ்டார் நட்டை 15 மி.மீ. ஆழத்தில் நேராக இறக்குங்கள்.

கார்பன் குழாய்க்கான தடித்த பிளேடு இந்தப் பிளவில் நுழையாது. அதற்கு எஸ்ஜி-8 வாங்குங்கள்.