மங்கிப்போன ஃபைபர் போட்டுக்கு த்ரீ எம் ரெஸ்டோரர் வாக்ஸ்: வாங்கலாமா?

நேராக விசயத்துக்கு வருகிறேன். த்ரீ எம் கம்பனியின் மெரைன் ஃபைபர்கிளாஸ் ரெஸ்டோரர் அண்ட் வாக்ஸ் நல்ல சாமான்தான், ஆனால் உங்கள் போட் எந்த அளவுக்கு மங்கியிருக்கிறது என்று பார்க்காமல் வாங்கினால் காசு வீண். லேசாகவோ நடுத்தரமாகவோ மங்கியதற்குத்தான் அது. எங்கள் மச்சான் ஹட்டன் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓட்டுகிற போட் அந்தக் கட்டத்தைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. வாங்கும்போது சிவப்பு, இப்போது ரோஸ் என்று கூடச் சொல்ல முடியாத ஒரு நிறம்.

எப்படிப் பார்ப்பது? ஒரு கறுப்புத் துணியால் பக்கவாட்டை அழுத்தித் துடையுங்கள். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை, மினுக்கம் மட்டும் குறைந்திருக்கிறது என்றால் இந்தப் போத்தல் ஒன்றே போதும். சுண்ணாம்புத் தூள் மாதிரி அப்பிக்கொண்டு வந்தால் போதாது. ஃபைபருக்கு மேலே இருக்கும் ஜெல்கோட் என்ற நிறப்படலம் வெயிலில் செத்துப்போய்த்தான் அப்படித் தூளாக உதிர்கிறது, அந்தச் செத்த பகுதியை எடுக்காமல் மேலே எதைப் பூசினாலும் தூளுக்குத்தான் பூசுகிறோம். மச்சானின் போட்டில் பழைய நம்பர் ஸ்டிக்கரை உரித்தபோது அடியில் ரத்தச் சிவப்பு அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மனுசன் பெயின்ட் அடிக்கிற யோசனையைக் கைவிட்டார்.

நம் ஊர் குளிர் தேசம், இங்கே வெயில் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 வீதம் கூடும், மெல்லிய மேகம் இருந்தாலும் 80 வீதம் வரை உள்ளே வரும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கிரகரி வாவிக்கரையில் நிறம் செத்துக் கிடக்கிற போட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சிவப்பும் நீலமும்தான் முதலில் மாட்டிக்கொள்ளும், வெள்ளை என்றால் கொஞ்சம் மறைத்துக்கொள்ளும்.

சரி, வேலை. முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். தண்ணீர் மட்டத்தில் பட்டி கட்டினது போல வருகிற பழுப்புக் கறைக்கு ஒக்ஸாலிக் அசிட் கலந்த கிளீனர் போட்டால் தேய்க்காமலே கரையும், கையுறை கட்டாயம். இதையெல்லாம் கரையிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள். காசல்ரீத் தண்ணீர் கெஹெல்கமு ஓயா வழியாகக் களனி ஆற்றுக்குப் போகிறது, கீழே அதைக் குடிக்கிற சனம் இருக்கிறது.

அப்புறம் ரப்பிங் கொம்பவுண்ட், அதாவது செத்த படலத்தைத் தேய்த்து எடுக்கிற பசை. எங்களுக்கு உண்மையில் வேலை செய்தது இதுதான், வாக்ஸ் இல்லை. கம்பளிப் பேட் மாட்டிய பொலிஷரில் நிமிடத்துக்கு 1,000க்கும் 2,000க்கும் இடைப்பட்ட சுற்றில், ஒரு நேரத்துக்கு இரண்டடிச் சதுரம் மட்டும் எடுத்து, பேட்டை ஒரே இடத்தில் நிற்க விடாமல் ஓட்ட வேண்டும். வெல்டிங் கடைத் தம்பி தன் கிரைண்டரைத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், அது 10,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற மெஷின், ஜெல்கோட்டைப் பொசுக்கிவிடும். மூலைகளிலும் விளிம்புகளிலும் இன்னும் கவனம், அங்கே படலம் மெல்லியது. மொத்த ஜெல்கோட்டே அரை மில்லிமீட்டர் அளவுதான், அதனால் வாட்டர் பேப்பரை, அதாவது தண்ணீர் போட்டுத் தேய்க்கிற உப்புத்தாளை, கையில் எடுக்கிறவர்கள் ஒன்றுக்கு இரண்டு தரம் யோசியுங்கள். கொம்பவுண்ட் சட்டை, தலைமுடி, பக்கத்து வீட்டுக் கொடித்துணி எல்லாவற்றிலும் தெறிக்கும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இதற்குப் பிறகுதான் அந்தப் போத்தலைத் திறந்தோம். கொம்பவுண்ட் விட்டுப்போன மெல்லிய கீறல்களை எடுத்து, கூடவே வாக்ஸும் பிடித்துவிடுகிறது, அந்த வகையில் ஒரு வேலை மிச்சம். நிறம் திரும்பி வந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த சிவப்பு வரைக்கும் வரவில்லை, பழைய நம்பர் இப்போதும் நிழலாகத் தெரிகிறது, ஆனால் கரையில் நின்று பார்த்தால் சிவப்புப் போட் என்று யாரும் சொல்வார்கள்.

மலைநாட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு விசயம். வாக்ஸ் காய்ந்து வெண்மூட்டமாக மாறிய பிறகுதான் துடைக்க வேண்டும், ஹட்டன் பக்கம் பின்னேரம் மிஸ்ட் இறங்கினால் அது காயவே காயாது, துடைக்கத் துடைக்கப் பிசுபிசுவென்று இழுபடும். காலையில் பனி ஈரம் போன பிறகு தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள், அதுவும் நிழலில். தென்மேல் மழைக்காலத்தில் இந்த வேலையை நினைக்கவே வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம், சுற்றுலா ஆட்கள் வருகிற ஏப்ரல் சீசனுக்கும் போட் தயாராகிவிடும்.

வாக்ஸ் வருசக்கணக்கில் நிற்காது. வெயிலில் கிடக்கிற போட்டுக்குச் சில மாதம்தான், தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் பரவ ஆரம்பித்தால் திரும்பப் போட வேண்டும். அதற்குப் பயந்துதான் முன்பு ஒருவர் பேச்சைக் கேட்டு மச்சான் வேறு ஒரு திரவத்தை வாங்கியிருந்தார், தேய்க்கவே தேவையில்லை, துணியால் பூசினால் போதும் என்கிற அக்ரிலிக் வகை. பூசிய அன்று பளபளவென்றுதான் இருந்தது, ஒரு மழைக்காலம் போனதும் மஞ்சளித்துத் தோல் தோலாக உரிந்தது. அதைச் சுரண்டி எடுக்கப் பட்ட பாடு கொம்பவுண்ட் அடித்ததை விடப் பெரிது.

விலை அதிகம்தான், மறைக்கவில்லை. ஹட்டனில் கிடைக்காமல் கொழும்பிலிருந்து வரவழைத்தோம். கொம்பவுண்டைத் தாராளமாக வாங்குங்கள், வாக்ஸ் ஒரு சின்னப் போட்டுக்கு ஒரு போத்தலே மிஞ்சும். ஒரு நல்ல தார்ப்பாய்க்கும் காசு ஒதுக்குங்கள், ஓடாத நாளில் மூடி வைத்தால் இந்தப் போத்தலை அடிக்கடி வாங்க வேண்டி வராது.