ஜாங்கோவின் யூஆர்எல் அமைப்பு: பெரிய தளத்துக்கு நம்பலாம், தமிழ் ஸ்லக்குக்கு நம்ப வேண்டாம்

ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கின் ரூட்டிங் (எந்த முகவரிக்கு எந்த ஃபங்ஷன் ஓடும் என்ற ஏற்பாடு) நல்லதா என்று பார்க்க, பத்துப் பக்கத் தளம் போதாது. தளம் வளர்ந்த பிறகு, ‘புக்ஸ் பகுதி முழுவதையும் ஸ்டோருக்குக் கீழே கொண்டுபோங்க’ என்று யாராவது கேட்க வேண்டும். அப்போது எத்தனை ஃபைலைத் திறக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு. பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் ஒழுங்காக எழுதியிருந்தால் ஒரே ஃபைல், ஒரே வரி.

பைத்தானின் இன்னொரு ஃபிரேம்வொர்க்கான ஃப்ளாஸ்கில் முகவரி அந்தந்த ஃபங்ஷனின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். ஜாங்கோ அதைத் தனியாக ஒரு பட்டியலில் வைக்கிறது. ப்ராஜெக்டுக்கு ஒரு மூலப் பட்டியல், தளத்தின் தனித்தனிப் பகுதியான ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு கிளைப் பட்டியல், இரண்டையும் இணைக்க இன்க்லூட்(). சின்னத் தளத்துக்கு இது கூடுதல் வேலை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஐந்து பக்கத் தளத்துக்கு உண்மைதான். ஆப் நான்கு சேர்ந்ததும் அந்த முணுமுணுப்பு நின்றுவிடும்.

இணைக்கும்போது வரும் தகராறு பெரும்பாலும் சாய்கோட்டில்தான். மூலப் பட்டியலில் ‘புக்ஸ்/’ என்று கோட்டோடு முடிக்க வேண்டும், கிளையில் கோடு போட்டுத் தொடங்கக் கூடாது. முன்னதில் கோட்டை விட்டால் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொள்ளும். பின்னதில் போட்டால் முகவரியில் இரட்டைக் கோடு வரும். பின்னதற்கு ‘செக்’ கட்டளை எச்சரிக்கை தருகிறது. ஒரே நேம்ஸ்பேஸை (பெயர்களுக்கு முன்னால் வரும் ஆப் பெயரை) இரண்டு இடத்தில் வைத்தாலும் சொல்லிவிடும். டெப்ளாய் செய்வதற்கு முன் அந்தக் கட்டளையை ஓட்டாத குழுக்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது, இலவசமாகக் கிடைப்பதை ஏன் விட வேண்டும்?

இந்த அமைப்பின் உண்மையான மதிப்பு பெயர்களில் இருக்கிறது. பட்டியலின் ஒரு வரியான ஒவ்வொரு பாத்()துக்கும் நேம் கொடுத்து, ஆப்புக்கு ஆப்_நேம் கொடுத்துவிட்டால், டெம்ப்ளேட்டில் யூஆர்எல் டேகும் பைத்தானில் ரிவர்ஸ்()சும் ‘புக்ஸ்:டீடெய்ல்’ என்ற பெயரைக் கேட்டு முகவரியைத் தாமே கட்டித் தரும். பெயர் தப்பாக இருந்தாலோ, தேவையான எண் வராவிட்டாலோ நோரிவர்ஸ்மேட்ச் என்று உடனே விழும். எரிச்சலாக இருக்கும், ஆனால் உடைந்த லிங்க் வாசகர் கைக்குப் போவதைவிட இது மேல். டெம்ப்ளேட்டில் முகவரியைக் கையால் அடித்து வைத்தவர்களுக்கு இந்த லாபம் எதுவும் கிடையாது.

ஒரு இடத்தில் பலரும் இடறுகிறார்கள். கிளாஸாக எழுதிய வியூவில் (வியூ என்பது முகவரிக்குப் பதில் தரும் பகுதி), ஃபார்ம் முடிந்ததும் போக வேண்டிய சக்சஸ்_யூஆர்எல்லுக்கு ரிவர்ஸ்() எழுதினால், அந்த ஃபைல் இம்போர்ட் ஆகும் நொடியிலேயே அது முகவரியைத் தேடும். பட்டியலோ இன்னும் ஏறி முடிந்திருக்காது. அங்கே ரிவர்ஸ்_லேஸி() போட வேண்டும். 5.2 பதிப்பிலிருந்து ரிவர்ஸ்()சுக்கே க்வெரியையும் (‘?’-க்குப் பின் வருவது) ஃப்ராக்மென்டையும் (‘#’-க்குப் பின் வருவது) கொடுக்கலாம். கேள்விக்குறியைச் சேர்த்துக் கையால் ஒட்டும் வேலை போயிற்று.

முகவரியின் ஒரு பகுதி எந்த வகை என்று சொல்லும் கன்வெர்ட்டர்கள் ஐந்து: ஸ்ட்ர், இன்ட், ஸ்லக் (தலைப்பிலிருந்து முகவரிக்காக எடுத்த சொல்), யூயூஐடி, பாத். 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்போடு இவை வந்தபோது ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைக் குறிகளால் விவரிக்கும் முறை) தொல்லை பாதிக்கு மேல் ஒழிந்தது. இன்ட் போட்டால் வியூவுக்கு எண்ணாகவே வந்து சேரும். பாத் கன்வெர்ட்டர் மட்டும் சாய்கோட்டையும் விழுங்கும், அதனால் அதைப் பட்டியலின் கடைசியில்தான் வைக்க வேண்டும். ஜாங்கோ மேலிருந்து கீழே பார்த்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். ‘புக்ஸ்/<ஸ்லக்:நேம்>/’ மேலே இருந்து ‘புக்ஸ்/நியூ/’ கீழே இருந்தால், ‘நியூ’ என்ற பெயரில் ஒரு புத்தகத்தைத் தேடிப்போய் 404 தரும். டீபக் (பிழை தேடும் நிலை) ஓடும்போது அந்த 404 பக்கம் முயன்று பார்த்த வரிகளை வரிசையாகக் காட்டுகிறது, வியூவே 404 எழுப்பியிருந்தால் எந்த வியூ என்றும் சொல்கிறது. இந்த ஒரு பக்கத்துக்காகவே தனியாக மதிப்பெண் கொடுக்கலாம்.

கடைசிக் கோட்டைத் தானே சேர்க்கும் அப்பெண்ட்_ஸ்லாஷ் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். கடைசிக் கோடு இல்லாமல் வந்த முகவரி எதற்கும் பொருந்தாமல், கோடு சேர்த்தால் பொருந்துமானால், வியூவுக்கு முன்னால் நிற்கும் காமன் மிடில்வேர் 301 (நிரந்தரத் திருப்பம்) கொடுத்துத் திருப்பிவிடும். படிக்க மட்டும் வரும் பக்கத்துக்கு நல்லது. ஃபார்ம் அனுப்பும் முகவரியில் கோட்டை விட்டுவிட்டால், திருப்பும்போது பிரவுசர் அதை கெட் (படிக்க மட்டும் கேட்கும் முறை) ஆக்கிவிடும், நிரப்பிய விவரம் காணாமல் போகும். டீபக்கில் ஜாங்கோ ரன்டைம் எரர் எழுப்பி எச்சரிக்கிறது. புரொடக்‌ஷனில் சத்தமே இருக்காது. எல்லாவற்றையும் பிடிக்கும் வரி ஒன்று கீழே இருந்தாலும் இந்தத் திருப்பம் நடக்காது, ஏனென்றால் கோடு இல்லாத முகவரிக்கு அந்த வரியே பொருந்திவிடும்.

இனி தமிழுக்கு வருவோம். தமிழிலேயே முகவரி வைக்க விரும்பும் இதழ்களும் பதிப்பகங்களும் இங்கேதான் சிக்கிக்கொள்கின்றன. ஸ்லக் கன்வெர்ட்டர் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு, அடிக்கோடு தவிர வேறெதையும் ஏற்காது. தமிழ் வந்தால் நேரே 404. தலைப்பை ஸ்லக்காக மாற்றும் ஸ்லக்கிஃபை()யில் அலோ_யூனிகோட் என்று ஒரு வசதி இருக்கிறதே என்று அதைத் திறந்தால் கதை இன்னும் மோசம். ‘தமிழ் நூல்கள்’ என்று கொடுத்துப் பாருங்கள், ‘தமழ-நலகள’ என்று வரும். பைத்தான் ரெகெக்ஸின் ‘சொல்லெழுத்து’ வகையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் சேராது. எழுத்தல்லாதது என்று அத்தனையையும் வழித்தெடுத்துவிடுகிறது. ஸ்லக்கைச் சேமிக்கும் ஸ்லக்ஃபீல்டின் சரிபார்ப்பும் அதே வகையை நம்புவதால், நீங்களாகச் சரியாக எழுதிக் கொடுத்தாலும் ஃபார்ம் ஏற்காது. அலோ_யூனிகோட் இல்லாமல் விட்டாலோ வெற்றுச் சரம்தான் மிஞ்சும்.

வழி இருக்கிறது. மாடலில் ஸ்லக்ஃபீல்டை விட்டுவிட்டு கேர்ஃபீல்டும் சொந்தச் சரிபார்ப்பும் வையுங்கள். முகவரிக்கு ஸ்ட்ர் கன்வெர்ட்டரே போதும், அது சாய்கோட்டைத் தவிர எல்லாவற்றையும் ஏற்கும். கறாராக வேண்டுமென்றால் சொந்தக் கன்வெர்ட்டர்: ஒரு கிளாஸ், அதில் ரெகெக்ஸ், டு_பைத்தான், டு_யூஆர்எல், பிறகு ரெஜிஸ்டர்_கன்வெர்ட்டர்(). ரெகெக்ஸில் யூனிகோடு தமிழுக்கு ஒதுக்கிய 2944 முதல் 3071 வரையான இடத்தையும் எண்களையும் இடைக்கோட்டையும் சேருங்கள். டு_பைத்தானில் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுவதை மட்டும் மறக்க வேண்டாம். ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் அதே மாற்றத்தைச் செய்யாவிட்டால் பயனில்லை. இன்னொன்று, நகலெடுத்து ஒட்டும்போது இந்த முகவரிகள் பல இடங்களில் சதவீதக் குறிகளாக நீளும்: ‘தமிழ்’ என்ற ஒரு சொல் 45 எழுத்தாகும். ‘புக்ஸ்/<இன்ட்:பிகே>/<ஸ்ட்ர்:ஸ்லக்>/’ என்று எண்ணை வைத்துத் தேடி, தமிழ்ப் பகுதியை அலங்காரமாக மட்டும் வைப்பது பத்திரம். பாதி அறுந்த லிங்கிலிருந்தும் சரியான முகவரிக்குத் திருப்பிவிடலாம்.

குறைகள் இன்னும் இரண்டு. கெட், போஸ்ட் என்று முறை வாரியாக இந்தப் பட்டியலில் பிரிக்க முடியாது. வியூவுக்குள் போய்த்தான் பிரிக்க வேண்டும். பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெலின் ரிசோர்ஸ் ரூட் ஒரே வரியில் ஏழு ரூட்டை முறையோடு சேர்த்துத் தருவதைப் பழகியவர்களுக்கு இது பின்னடைவாகவே படும். ரூட் பட்டியலை அச்சிடும் கட்டளையும் 5.2 வரை உள்ளே இல்லை, ஜாங்கோ-எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற கூடுதல் தொகுப்பைப் போட்டு ‘ஷோ_யூஆர்எல்ஸ்’ ஓட்ட வேண்டியிருக்கிறது.

பழைய ப்ராஜெக்டை மேலே ஏற்றுபவர்களுக்கு: பட்டியல் வரிகளை ரெகெக்ஸால் எழுதப் பயன்பட்ட யூஆர்எல்() ஃபங்ஷன் 4.0-இல் நீக்கப்பட்டது. அதைத் தேடி மாற்றும்போது பாத்() என்று மாற்றாமல் ரெகெக்ஸை ஏற்கும் ரீ_பாத்() என்று மாற்றுங்கள். பழைய வரிகளின் ரெகெக்ஸ் குறிகளை பாத்() வெறும் எழுத்தாகவே படிக்கும், ஒரு முகவரியும் பொருந்தாது. ரீ_பாத்()தில் தளம் ஓடட்டும், பிறகு ஆப் ஆப்பாக பாத்()துக்குக் கொண்டுவரலாம்.