ஃபைஃபாக்ஸ் செயலி: மெக்கானிக்ஸில் கெட்டி, வெப்பத்தில் பூஜ்யம்

ஜெர்மனியின் ஆக்கன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2016-இல் வெளியிட்ட இலவசச் செயலி இது. விளம்பரம் கிடையாது. போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் சென்சார்களின் அளவுகளை வரைபடமாக்கித் தருவதே இதன் வேலை. பி.எஸ்சி. முதலாண்டு இயற்பியலில் பாதிக்கு இது போதும், மறுபாதிக்கு அறவே போதாது.

இருப்பதிலேயே உருப்படியானது சத்தத்தில் ஓடி, சத்தத்தில் நிற்கும் ஸ்டாப்வாட்ச். மேசை விளிம்பில் ஸ்கேலைப் பாதி வெளியே நீட்டி, நுனியில் ஒரு இரும்பு நட்டை வையுங்கள். ஸ்கேலைப் பக்கவாட்டில் தட்டினால் நட்டு நேராகக் கீழே விழும். தட்டிய சத்தத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும், தரையில் வைத்த எவர்சில்வர் தட்டின் சத்தத்தில் நிற்கும். 1 மீட்டர் உயரத்துக்கு 0.452 நொடி வர வேண்டும். போனை மேசைமேலேயே வைத்தால் கீழிருந்து சத்தம் வந்துசேர 3 மில்லிநொடி கூடுதலாகி, புவியீர்ப்பு முடுக்கம் g 9.8-க்குப் பதில் 9.67 ஆகிவிடும். பலர் இதைக் காற்றுத் தடை என்று ரெக்கார்டில் எழுதிவிடுகிறார்கள்! இரண்டு சத்தத்துக்கும் சம தூரத்தில் ஒரு ஸ்டூலில் போனை வைத்தால் பிழை போய்விடும். மின்விசிறியை நிறுத்துங்கள். குறைந்தபட்ச இடைவெளியை 0.3 நொடியாக வைத்தால் ஸ்கேல் அதிரும் சத்தத்தில் கடிகாரம் நின்றுவிடாது.

முடுக்கமானியில்தான் குழப்பம் அதிகம். மேசைமேல் சும்மா கிடக்கும் போன் 9.8 காட்டும், விழும்போது பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். கோளாறு இல்லை, போனைத் தாங்கும் விசையைத்தான் அந்தச் சென்சார் உணர்கிறது, விழும்போது தாங்க எதுவும் இல்லை. ‘g இல்லாத முடுக்கம்’ என்பது மென்பொருள் கழித்துத் தரும் கணக்கு. அதை இருமுறை தொகையிட்டுத் தூரம் காண முயல வேண்டாம்: 0.05 மீ/நொடி² பிழை 10 நொடியில் 2.5 மீட்டராக வளர்ந்து நிற்கும்.

வட்ட இயக்கத்துக்கு, சுழலும் வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப் வேண்டும், மலிவு போன்கள் பலவற்றில் அது இல்லை. இருந்தால், கவிழ்த்து நிறுத்திய சைக்கிளின் சக்கரத்தில் போனை இறுகக் கட்டிச் சுழற்றுங்கள். சக்கரம் நிமிர்ந்து நிற்பதால் புவியீர்ப்பு கலந்து வரைபடம் அலையும், சைக்கிளைப் படுக்கப் போட்டால் சீராகும். முடுக்கத்தை ω²-க்கு (சுழலும் வேகத்தின் வர்க்கத்துக்கு) எதிராக வரைந்தால் நேர்கோடு, அதன் சரிவு ஆரம். போனின் நடுவிலிருந்து அளந்த ஆரத்தோடு இது ஒத்துவராது, ஏனென்றால் சென்சார் பெரும்பாலும் ஒரு ஓரத்தில் இருக்கும். வேகம் கூடியதும் வரைபடம் தட்டையானால் சென்சாரின் உச்ச வரம்பு வந்துவிட்டது என்று பொருள்.

ஒலிப் பகுதியும் நன்று. அதிர்வெண் நிறமாலையில் மாதிரி எண்ணிக்கையைக் கவனியுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸில் 2048 வைத்தால் பிரிதிறன் 23 ஹெர்ட்ஸ், 16384 வைத்தால் 3 ஹெர்ட்ஸ். ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனைக்கு இரண்டாவதே சரி.

காந்தப்புலம் சுமார். 2 ஆம்பியர் ஓடும் நீள்கம்பியிலிருந்து 2 செ.மீ.யில் 20 மைக்ரோடெஸ்லா வர வேண்டும். தமிழ்நாட்டில் பூமியின் புலமே சுமார் 40. ஆகவே மின்னோட்டம் இல்லாதபோது வரும் அளவை ஒவ்வொரு அச்சிலும் தனித்தனியே கழிக்க வேண்டும். காந்தப் பூட்டு வைத்த போன் உறையைக் கழற்றிவிடுங்கள்.

வெப்ப இயற்பியலுக்கு ஒன்றும் இல்லை. ஒளியியலில் ஆண்ட்ராய்டு போனில் வெளிச்ச சென்சார் உண்டு, ஐபோனில் அந்தச் சென்சாரைச் செயலியால் படிக்க முடியாது. நியூட்டன் வளையங்களுக்கும் கிரேட்டிங்குக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் அறைக்குத்தான் போக வேண்டும்.

போன் சுழன்றுகொண்டிருக்கும்போதே மடிக்கணினி பிரவுசரில் வரைபடத்தைப் பார்க்கும் வசதி அருமை. கல்லூரி வைஃபையில் பல நேரம் இணையாது. போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு மடிக்கணினியை அதில் இணைத்தால் வேலை செய்யும்.